அக்கா, அடுத்த பாகம் எப்போ வரும்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் குன்னூர்ல ஒரு சின்ன லெண்டிங் லைப்ரரி நடத்திட்டு இருக்கேன். புக்கு எடுக்க வர்றவங்க, திருப்பிக் குடுக்க வர்றவங்க, மழைக்கு ஒதுங்குற சாக்குல வந்து பேசிட்டுப் போறவங்கன்னு நாள் பூரா ஆளுங்களோடதான் இருக்கேன். உதகை வானொலில பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப எதைப் பத்திப் பேசறதுன்னு எனக்கு யோசனையே வேண்டியிருக்கலைங்க, ஏன்னா வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "அக்கா, அடுத்த பாகம் எப்போ வரும்?" அந்தக் கேள்வியப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன்.

எதோட அடுத்த பாகம்னா, இந்த இங்கிலீஷ் ஃபேன்டஸி தொடர் நாவல்கள் இருக்குல்ல, ராஜ்ஜியம், மந்திரம், டிராகன், நூத்துக்கணக்குல ஆளுங்க, ஒவ்வொரு பாகமும் தலகாணி சைஸ்ல. நம்ம மலைல இதுக்கு வாசகருங்க நெறைய. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற பசங்க, அருவங்காட்டுல வேலைக்குப் போறவங்க, எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கறவங்க, சமையல முடிச்சிட்டு மத்தியானம் படிக்கற அம்மாங்க. மழை புடிச்சா லேசுல விடாது, கரண்ட் போனா எப்போ வரும்னு தெரியாது, டிவிய நம்பி உக்கார முடியாது, அப்ப எண்ணூறு பக்க புக்கு ஒண்ணு கையில இருந்தா அந்த வாரம் ஓடிரும், அது முடிஞ்சா அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு அஞ்சாவது பாகம் வரைக்கும் வந்துட்டு ஆறாவது எங்கன்னு கேட்டா நான் என்னங்க குடுக்கறது, ஆறாவது இன்னும் வெளியவே வரலையே.

நான் சொல்றது ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினோட தொடர். டிவில கேம் ஆஃப் த்ரோன்ஸ்னு வந்துச்சே அதோட மூலக்கதை. முதல் பாகம் 1996ல வந்துச்சு, ரெண்டாவது 1998, மூணாவது 2000. இது வரைக்கும் பரவால்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. நாலாவது 2005லதான் வந்துச்சு, அஞ்சாவது 2011 ஜூலைல. அதோட சரி. இன்னிக்கு என்கிட்ட மெம்பரா இருக்கற பசங்கள்ல பாதிப் பேர் அந்த அஞ்சாவது பாகம் வந்தப்ப பொறந்தே இருக்க மாட்டாங்க.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு நிறைய பேர் சோம்பேறித்தனம்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லைங்க. மார்ட்டின் மொதல்ல மூணே பாகம்தான்னு நெனச்சு ஆரம்பிச்சார், கதை வளர்ந்துருச்சு. மூணாவது பாகம் முடிஞ்சதும் அஞ்சு வருஷம் தாண்டி அடுத்ததத் தொடங்கலாம்னு திட்டம், கதைல வர்ற சின்னப் பசங்க எல்லாம் கொஞ்சம் வளரணும்ல. எழுதிப் பார்த்தா சில பேருக்கு அது பொருந்துச்சு, சில பேருக்கு அந்த அஞ்சு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு பழைய கதையாவே சொல்லிட்டு இருக்க வேண்டி வந்துச்சு. அந்தத் திட்டத்தையே விட்டுட்டு மறுபடி எழுதினார். அப்புறம் புக்கு ரொம்பப் பெருசாயிருச்சு, ரெண்டா உடைச்சாங்க, அதையும் கதைய பாதில நிறுத்தி உடைக்கல, எந்த ஊர்ல இருக்கற ஆளுங்கன்னு பார்த்துப் பிரிச்சாங்க. அதனால நாலாவது பாகத்துல டிரியன் வரவே மாட்டான், டனேரிஸ் வர மாட்டா. எல்லாருக்கும் புடிச்ச ஆள் டிரியன். அவன 2000ல கடைசியா பார்த்தவங்க 2011லதான் மறுபடி பார்த்தாங்க. அஞ்சாவது பாகத்தோட முடிவுல முக்கியமான ஒருத்தன கத்தில குத்திப் போட்டுட்டு நிறுத்திட்டார், பேரச் சொல்ல மாட்டேன், படிக்காதவங்க கேட்டுட்டு இருப்பாங்க. புக்குல அவன் கெதி என்னாச்சுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது.

எனக்கு ரொம்ப நெருக்கமான தொடர் இது இல்லைங்க, ராபர்ட் ஜோர்டனோட வீல் ஆஃப் டைம். பதினாலு பாகம், ஏறக்குறைய 44 லட்சம் வார்த்தை. 1990ல ஆரம்பிச்சு 2013ல முடிஞ்சது. இதுல வாசகருங்க பட்ட எரிச்சல் வேற வகை. இங்க புக்கு வராம இல்ல, புக்கு வந்துட்டேதான் இருந்துச்சு, கதைதான் நகரல.

மேட்னு ஒருத்தன் வருவான், குறும்புக்காரன், சூதாடி, அவன் வந்தாலே பக்கம் பறக்கும். 1996ல வந்த ஏழாவது பாகத்துக் கடைசில அவன் மேல சுவர் இடிஞ்சு விழும். எட்டாவது பாகத்துல ஆளே இல்ல! ஒரு வரி கூட அவனோட பார்வைல கிடையாது, 2000ல ஒம்பதாவது வந்தப்பதான் உயிரோட இருக்கான்னே தெரிஞ்சுது. அதே எட்டாவது பாகத்துல, அது 1998, பெரின்ங்கறவனோட பொண்டாட்டிய எதிரிங்க புடிச்சிட்டுப் போயிருவாங்க. கதைக்குள்ள சில மாசந்தான் ஆகும். ஆனா அவள மீட்டுட்டு வர்றது பதினொண்ணாவது பாகத்துல, 2005ல. வெளிய காத்திருந்தவங்களுக்கு ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்துல காலேஜ் முடிச்சவங்க, கல்யாணம் பண்ணவங்க, வேலை மாறுனவங்க எல்லாம் அந்தப் பொண்ணு கூடாரத்துலயே மாட்டிக்கிட்டு இருக்கறத நெனச்சிட்டே இருந்திருக்காங்க.

பத்தாவது பாகம் இன்னும் மோசம். ஒம்பதாவது முடிவுல ஒரு மாபெரும் சம்பவம் நடக்கும், தொடரோட திருப்புமுனைன்னே சொல்லலாம். அடுத்து என்னன்னு துடிச்சிட்டு இருந்தவங்க கையில 2003ல பத்தாவது வருது, பிரிச்சா, அதே சம்பவம் நடந்த நேரத்துல மத்தவங்க எல்லாம் எங்கெங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கங்கறதுதான் முக்கால்வாசி புக்கு. அது போதாதுன்னு அடுத்ததா பதினொண்ணாவத எழுதாம, 2004ல ஜோர்டன் முன்கதை ஒண்ணக் குடுத்தார். நல்ல கதைதான், நான் விரும்பிப் படிச்சேன், ஆனா அந்த நேரத்துல அத யார் கேட்டாங்க.

எங்க லைப்ரரிக்கு வர்ற தம்பி ஒருத்தர், அருவங்காட்டுல வேலை, அந்தப் பத்தாவது பாகத்த எடுத்துட்டுப் போயிட்டு வந்து மேஜை மேல டொம்முனு வச்சார். "என்னக்கா இது, இவ்ளோ பெரிய புக்குல ஒருத்தனும் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகல, குளிக்கறாங்க, டிரஸ் மாத்தறாங்க, டீ குடிக்கறாங்க, எழுதுனவருக்கே அலுக்கலையா?" அப்படின்னு அரை மணி நேரம் பொரிஞ்சு தள்ளிட்டார். நான் ஒண்ணும் பேசல, முழுசா கேட்டுக்கிட்டேன். முடிச்சிட்டு அதே மூச்சுல கேக்கறார், "பதினொண்ணு இருக்காக்கா, உள்ள வச்சிருக்கீங்களா?"

இதுதாங்க நான் சொல்ல வந்தது. தொடர விட்டுட்டுப் போறவங்க சண்டை போட மாட்டாங்க. ரெண்டாவது பாகத்தோட நிறுத்துனவங்க புக்க வச்சிட்டு வேற எடுத்துட்டுப் போயிருவாங்க, அவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது. மேஜைய தட்டறவங்க, எந்த அத்தியாயத்துல கதை தொங்குச்சுன்னு விரல் வச்சு காட்டறவங்க, இத இப்படி வெட்டியிருக்கலாம்னு எழுத்தாளருக்கே யோசனை சொல்றவங்க, அவங்கதான் கடைசி பாகம் வரைக்கும் வருவாங்க. அவங்க அந்தக் கதைய அவ்வளவு உன்னிப்பா படிச்சிருக்காங்க. அவங்களப் பார்த்து "புடிக்கலன்னா விட்டுட வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க மேல எனக்கு உண்மையிலயே வருத்தம் வரும். பல வருஷம் கூடவே வாழ்ந்த ஆளுங்கள எப்படிங்க விட்டுட முடியும்?

நம்ம தமிழ்ல இது புதுசும் இல்ல. வாரப் பத்திரிகைல தொடர்கதை வந்த காலத்துல வீட்டுக்கு வீடு அந்தப் பக்கங்கள மட்டும் கிழிச்சு எடுத்து வச்சு, கதை முடிஞ்சதும் பைண்டு பண்ணி வைப்பாங்க, ஓவியம், பின்பக்கத்து விளம்பரம், பாதில அறுந்த துணுக்கு எல்லாத்தோடயும். என்கிட்ட இன்னும் அப்படி பைண்டு வால்யூம் சிலது இருக்கு, ஒண்ணுல நடுவுல ஒரு வாரத்து அத்தியாயமே இல்ல. மழைல மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிஞ்சா பஸ் வராது, பத்திரிகைக் கட்டும் வராது, அப்படிப் போன வாரமாத்தான் இருக்கும். அந்த அத்தியாயம் இல்லாமயே நிறைய கைக்குப் போயிட்டு வந்திருக்கு. பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் வந்தது. முடிஞ்சப்ப வாசகருங்க திருப்தியாகலைங்க, அவங்க என்னானாங்க, இவங்க என்னானாங்கன்னு கேள்வி மேல கேள்வி. கல்கி அத அலட்சியம் பண்ணல, முடிவுரைன்னு தனியா எழுதி வாசகருங்களோட குறைய எடுத்துப் பேசி பதில் சொன்னார். அதே 1954 டிசம்பர்ல அவர் போயிட்டார், அவர் எழுதிட்டு இருந்த அமரதாரா தொடர்கதை பாதில நின்னுச்சு. அத முடிச்சது அவர் மகள் ஆனந்தி.

ஜோர்டன் விஷயத்துலயும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆச்சு. 2005ல வந்த பதினொண்ணாவது பாகத்துல கதை மறுபடி வேகம் புடிச்சுது, கோபத்துல இருந்தவங்க எல்லாம் குளுந்து போனாங்க. 2006ல அவருக்கு ரத்தம், இதயம் சம்பந்தப்பட்ட அரிய நோய்னு செய்தி வந்துச்சு. 2007 செப்டம்பர்ல இறந்துட்டார். ஆனா படுக்கைல இருந்தப்பவும் வேலைய விடல, முடிவு எப்படி இருக்கணும்னு குறிப்பு எழுதி வச்சார், வாயால சொல்லிப் பதிவு பண்ண வச்சார், கடைசிக் காட்சிய எழுதியே வச்சிருந்தார். அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவரோட எடிட்டரும். அவங்க தேடிப் புடிச்சது பிராண்டன் சாண்டர்சன்ங்கற இளம் எழுத்தாளர. ஜோர்டன் இறந்தப்ப அவர் எழுதுன அஞ்சலி ஒண்ணப் படிச்சிட்டுத்தான் அவங்களுக்கு அவர் மேல கவனம் போச்சு. சின்ன வயசுல இருந்து அந்தத் தொடரப் படிச்சு வளர்ந்த ஒரு வாசகர் அவர், அடுத்த பாகம் எப்போன்னு காத்துட்டு இருந்த கூட்டத்துல ஒருத்தர். ஒரு பாகமா வர வேண்டியது மூணா ஆயிருச்சு, 2009, 2010, 2013ன்னு வந்து முடிஞ்சது. மூணு பாகத்துலயும் நடை மாறியிருக்கறது தெரியும், மேட் பேசறது முன்ன மாதிரி இல்லன்னு நானும் சொல்வேன், ஆனா முடிஞ்சது, நல்லபடியா முடிஞ்சது.

இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் மார்ட்டினப் பார்த்து சில பேர் "அவர் முடிக்கறதுக்குள்ள செத்துருவாரோ"ன்னு பேசறப்ப எனக்கு மனசு பதறுது. அவர் 1948ல பொறந்தவர், அவருக்கே தெரியாதா அவர் வயசு. கோபப்படுங்க, புக்கப் பத்திக் கோபப்படுங்க, டிரியன ஏன் பதினோரு வருஷம் காட்டலன்னு கேளுங்க, அது வாசகருக்கு உண்டான உரிமை. இன்னொருத்தரோட உசுர வச்சுக் கணக்குப் போடறது யாருக்கும் உரிமை இல்ல. எழுத்தாளர் நமக்குக் கடன்பட்டிருக்காரான்னு கேட்டா, வேகத்துக்குக் கடன்படல, ஆனா உண்மைய சொல்றதுக்குக் கடன்பட்டிருக்கார்ன்னு நான் நினைக்கறேன். 2016 ஜனவரில மார்ட்டின் அவரே வெளிப்படையா எழுதினார், சொன்ன கெடுவுக்குள்ள முடிக்க முடியல, டிவி தொடர் புக்க தாண்டிப் போகப் போகுதுன்னு. அதப் படிச்சவங்களுக்கு ஏமாற்றம்தான், ஆனா அதுக்கு முன்னாடி இருந்த குழப்பம் இல்ல. டிவில 2019ல முடிச்சுக் காட்டிட்டாங்க, அந்த முடிவு எத்தனையோ பேருக்குப் புடிக்கல, ஆனாலும் புக்குல எப்படி முடியும்ங்கற ஆசை அதனால குறையலைங்க, கூடத்தான் செஞ்சிருக்கு. வீல் ஆஃப் டைமையும் 2021ல தொடரா எடுத்தாங்க, மூணு சீசனோட 2025ல நிறுத்திட்டாங்க. அதப் பார்த்துட்டு புக்க தேடி வந்த பசங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் சந்தோஷமா பதினாலு பாகத்தையும் எடுத்துக் காட்டுவேன், முழுசா இருக்கு கண்ணு, கடைசி வரைக்கும் இருக்குன்னு.

யாராவது புதுசா மார்ட்டின ஆரம்பிக்கறேன்னு வந்தா முதல்லயே சொல்லிருவேன், அஞ்சு பாகந்தான் இருக்கு, ஆறாவது எப்போன்னு யாருக்கும் தெரியாது, யோசிச்சு எடுங்கன்னு. ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி சொன்னா, "பரவால்லக்கா, நானும் சேர்ந்து காத்திருக்கேன், பேசறதுக்கு ஆள் கெடைப்பாங்கல்ல." அவ சொன்னது சரிங்க. காத்திருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் கண்டுபுடிச்சிருவாங்க, எங்க கடைலயே டீ எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் ஒருத்தரும் பிளஸ் டூ பையன் ஒருத்தனும் நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம் அந்தக் கத்திக்குத்து சமாச்சாரத்த விவாதம் பண்ணத நான் பார்த்திருக்கேன், அண்ணா, அவன் பொழைப்பான்னு பையன், எப்படிப்பா பொழைப்பான்னு அவர்.

வீல் ஆஃப் டைம எட்டாவது, ஒம்பதாவதுல வெறுத்துப் போய் விட்டவங்க யாராவது இப்ப கேட்டுட்டு இருந்தீங்கன்னா, பத்தாவதோட சுருக்கத்த மட்டும் யார்கிட்டயாவது கேட்டுட்டு நேரா பதினொண்ணாவத எடுங்க, அதுல தப்பே இல்ல. வேற எந்தத் தொடரா இருந்தாலும், தமிழோ இங்கிலீஷோ, எந்த பாகத்துல விட்டீங்க, ஏன் விட்டீங்க, இல்ல ஏன் விடாம இருக்கீங்கன்னு நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்க. எனக்குக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க, எல்லாத்தையும் படிக்கறேன். வணக்கம்ங்க.