மூச்சுச் சத்தம் கேட்கும் பாட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

 2024-ஆம் வருடம் எனக்கு ரொம்பப் பிடித்த இண்டி ராக் பாட்டுகளைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். பட்டியல் போட்டுப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் வந்தது. அத்தனையையும் அடுக்கினால் எதுவும் மனசில் நிற்காது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்ட சில பாட்டுகளை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். எடுத்து வைத்த பிறகுதான் அவற்றுக்குள் ஒரு ஒற்றுமை இருப்பது தெரிந்தது. எல்லாவற்றிலும் பாடுகிற ஆள் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. மூச்சு வாங்குவது கேட்கிறது, விரல் கம்பியில் உரசுவது கேட்கிறது. பாடுகிற அறை பெரியதா சிறியதா என்பதுகூடக் காதுக்குத் தெரிகிறது.

முதலில் ஒரு மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். டப்ளின் நகரத்துக் குழுவான ஃபான்டெய்ன்ஸ் டி.சி. ஏப்ரலில் 'ஸ்டார்பர்ஸ்டர்' என்ற பாட்டை வெளியிட்டது. பெயரில் இருக்கும் டி.சி. என்பது டப்ளின் சிட்டி. பாடகர் கிரியான் சாட்டனுக்கு லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் ஒருநாள் பதற்றம் முற்றிப் பேனிக் அட்டாக் வந்தது. அதிலிருந்து பிறந்த பாட்டு இது. ராப் பாடுகிறவர்களைப் போலச் சொற்களை இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொண்டே போவார். பல்லவி வந்ததும் ஒரு மூச்சை உள்ளே இழுப்பார். கிணற்றுக்குள் முங்கியவன் தலையை வெளியே நீட்டியதும் இழுக்கிற மூச்சு அது. முதல் தடவை கேட்டபோது என் நெஞ்சும் சேர்ந்து இறுகியது. வழக்கமாக ரெக்கார்டிங்கில் பாடகரின் மூச்சுச் சத்தத்தைக் கத்தரித்துவிடுவார்கள், இல்லை என்றால் காதில் விழாத அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். இங்கே அந்த மூச்சையே டிரம்ஸ் அடி மாதிரி தாளத்தில் கோத்திருக்கிறார்கள். பாட்டு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் வார்த்தைகள் நினைவில் இருக்காது, அந்த இழுப்பு மட்டும் இருக்கும்.

இண்டி என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம்தான். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் பணமும் விநியோகமும் இல்லாமல் சின்ன நிறுவனங்கள் வழியாக வந்த இசைக்கு வைத்த பெயர். 1980 ஜனவரியில் பிரிட்டனில் இதற்கென்றே தனி விற்பனைப் பட்டியல் தொடங்கினார்கள். போகப் போக அது ஒரு ஒலியின் பெயராகவும் ஆகிவிட்டது. கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், பக்குவப்படுத்தாத குரல், கொஞ்சம் இரைச்சல். இன்று பெரிய கம்பெனி வெளியிடும் குழுவையும் இண்டி என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருந்தது, அந்த அர்த்தத்தோடு கடைசி வரை வாழ்ந்த ஒருவர் 2024 மே 7-ஆம் தேதி போய்விட்டார்.

அவர் பெயர் ஸ்டீவ் ஆல்பினி. மாரடைப்பு, வயது 61. சிகாகோவில் எலெக்ட்ரிகல் ஆடியோ என்ற ஸ்டுடியோவை நடத்தியவர். தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்ல விடமாட்டார், ரெக்கார்டிங் இன்ஜினியர் என்றே சொல்லிக்கொள்வார். நிர்வானா குழு தங்கள் 1993 ஆல்பத்தைப் பதிவு செய்ய இவரை அணுகியபோது இவர் எழுதிய கடிதம் ரொம்பப் பிரபலம். பிளம்பருக்குக் கூலி கொடுப்பது போல எனக்கும் கொடுங்கள், ராயல்டி வேண்டாம், பாட்டு உங்களுடையது என்பதுதான் சாரம். அந்த ஆல்பம் கோடிக்கணக்கில் பணம் பார்த்தது. ராயல்டி வாங்கியிருந்தால் அதில் இவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். பேசிய ஒரு லட்சம் டாலரோடு நிறுத்திக்கொண்டார்.

அவருடைய ஸ்டுடியோச் சுவர்களை அடோபி என்கிற, சூளையில் சுடாத களிமண் கல்லால் கட்டியிருக்கிறார்கள். சத்தம் சுவரில் பட்டுத் தெறிக்காமல் இதமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. டேப்பில்தான் பதிவு செய்வார். குழுவை அறையில் நிறுத்தி, மைக்குகளை யோசித்து யோசித்து வைத்து, அவர்கள் வாசிப்பதை வாசித்தபடியே பிடிப்பார். அவர் பதிவு செய்த டிரம்ஸை இயர்போனில் கேளுங்கள். குச்சி தோலில் பட்டதும் அந்தச் சத்தம் அறையின் மறுகோடிக்குப் போய் வருவது தெரியும். அவருடைய சொந்தக் குழு ஷெல்லாக். அவர்களின் புது ஆல்பம் மே 17-ஆம் தேதிக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. அவர் இறந்து பத்தாம் நாள் அது வெளியானது. அதன் கடைசிப் பாட்டின் பெயர் 'ஐ டோன்ட் ஃபியர் ஹெல்'. நரகத்துக்கு நான் அஞ்சவில்லை என்று அர்த்தம். அந்த வாரம் அதைக் கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

சரி, மார்ச் மாதத்துக்குத் திரும்புகிறேன். மார்ச் 22, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் எனக்கு இரண்டு பெரிய ஆல்பங்கள் கிடைத்தன.

ஒன்று ஏட்ரியன் லெங்கருடைய 'பிரைட் ஃபியூச்சர்'. பிக் தீஃப் குழுவின் பாடகி இவர், இது தனி ஆல்பம். காட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் நண்பர்கள் சிலர் கூடி, கம்ப்யூட்டரே இல்லாமல் டேப்பில் பதிவு செய்தார்கள். இதில் 'சேட்னஸ் ஆஸ் எ கிஃப்ட்' என்ற பாட்டுதான் என் பாட்டு. பிரிந்துபோன ஒருவரிடம் பேசுகிற பாட்டு. பருவங்கள் எவ்வளவு சீக்கிரம் கடந்துவிட்டன, இதில் ஒன்றாவது நிலைக்கும் என்று நினைத்தேனே என்கிறார். குற்றம் சாட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வயலின் ஒன்று குரலுக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறது. பல்லவியில் மற்றவர்களும் சேர்ந்து பாடும்போது, ஒத்திகை பார்த்த கோரஸ் மாதிரி இல்லை. சமையல் முடிந்து திண்ணையில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் பாட, மற்றவர்கள் தங்களை அறியாமல் சேர்ந்துகொள்வது போல இருக்கும். வாக்கியத்தின் முடிவில் யாராவது ஒருவர் அரை நொடி தாமதமாக நிறுத்துவார். அந்த அரை நொடிக்காகவே நான் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்திருக்கிறேன்.

அதே நாளில் வந்த இன்னொன்று வாக்ஸஹாச்சியின் 'டைகர்ஸ் பிளட்'. வாக்ஸஹாச்சி என்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓடும் ஒரு ஓடை. அந்த ஊர்ப்பக்கம் வளர்ந்த கேட்டி கிரட்ச்ஃபீல்டு ஓடையின் பெயரையே தன் இசைக்கு வைத்துக்கொண்டார். 'டைகர்ஸ் பிளட்' என்று கேட்டால் ஏதோ வேட்டைக் கதை போலத் தோன்றும். தெருவில் சிவப்பாக விற்கிற ஐஸ் ஒன்றின் பெயர் அது. டெக்சாஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, பீக்கன் மரத் தோப்புக்கு நடுவில் இருக்கும் சோனிக் ராஞ்ச் ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் வரும் 'ரைட் பேக் டு இட்' என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் சிறந்த பாட்டு. காதல் பாட்டுகள் பெரும்பாலும் தொடக்கத்தைப் பாடும், இல்லை என்றால் முறிவைப் பாடும். நடுவில் இருக்கும் அந்த நீண்ட வருடங்களை யார் பாடுகிறார்கள்? பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிற இருவரில் ஒருத்தி, தன் மனசு அலைந்து திரிந்துவிட்டு அதே இடத்துக்கு வந்து சேர்வதைப் பாடுகிறாள். பான்ஜோ என்ற கம்பி வாத்தியம் ஒன்று சின்னச் சின்ன அலையாக ஓடிக்கொண்டே இருக்கும். பல்லவியில் ஓர் ஆண் குரல் சேரும், எம்.ஜே. லெண்டர்மேனுடையது. கேட்டியின் குரல் கணீரென்று நேராகப் போகும், இவருடையது கொஞ்சம் தொய்ந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலக் கூடவே வரும். இரண்டும் மெழுகி ஒட்டியது போலச் சேரவில்லை. நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது.

லெண்டர்மேனுக்கு ஊர் வட கரோலினாவின் மலை நகரமான ஆஷ்வில். வென்ஸ்டே குழுவில் கிட்டார் வாசித்தவர். செப்டம்பர் 6-ஆம் தேதி 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' என்ற தனி ஆல்பம் வந்தது. அதில் 'ஷீஸ் லீவிங் யூ' பாட்டைப் பாருங்கள். மனைவி விட்டுப் போகிறாள். நடுவயதுக்காரன் ஒருவன் ஃபெராரி காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனைத் தெய்வமாக நம்பிக்கொண்டு நிற்கிறான். அவன்மேல் கேலி இல்லை, பரிவு இருக்கிறது. எல்லாம் சிதையும், நமக்கெல்லாம் வேலை கிடக்கிறது என்கிறது பல்லவி. துக்க வீட்டில் ஊர்ப் பெரியவர் தோளில் கைவைத்துச் சொல்கிற மாதிரியான வார்த்தை.

அந்த ஆல்பம் வந்து மூன்று வாரத்தில் ஹெலீன் புயல் ஆஷ்வில்லைத் தாக்கியது. கடலே இல்லாத மலை ஊர், ஆறுகள் பெருகி வீடுகளையும் கடைகளையும் கொண்டுபோயின. குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர நவம்பர் 18 ஆயிற்று. இசைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதுவரை வெளிவராத 136 பாட்டுகளைத் திரட்டி 'கார்டினல்ஸ் அட் தி விண்டோ' என்ற தொகுப்பாக அக்டோபரில் விற்று, நிவாரணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். இண்டி என்ற சொல்லுக்கு நான் முன்னால் சொன்ன பழைய அர்த்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் சிண்டி லீ. கனடாவின் பேட்ரிக் ஃபிளேகல் இந்தப் பெயரில் பாடுகிறார். மார்ச் 29-இல் 'டயமண்ட் ஜூபிலி' வந்தது. மொத்தம் 32 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். வந்தபோது ஸ்பாட்டிஃபையில் இல்லை, வேறு எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் இல்லை. யூடியூபில் ஒரே நீளமான வீடியோ. இன்னொரு பக்கம், தொண்ணூறுகளின் பாணியில் எளிமையாக அமைத்த இணையப் பக்கம் ஒன்றில் போய் இறக்கிக்கொள்ளலாம், முடிந்தால் 30 கனடா டாலர் அனுப்புங்கள் என்றார். ஒரு பைசா விளம்பரம் இல்லாமலே உலகம் முழுக்கப் பரவியது. யூடியூபில் அதைப் பாட்டுப் பாட்டாக எடுத்துக் கேட்க முடியவில்லை, உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. நான் ஒரு மழை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். பழைய சிற்றலை வானொலியில் தூர தேசத்து நிலையம் மிதந்து மிதந்து வருமே, அதே மாதிரி கரகரப்பு. அதற்குள்ளிருந்து அறுபதுகளின் காதல் மெட்டு போல 'ஆல் ஐ வாண்ட் இஸ் யூ' எழுந்து வந்தது. வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கரகரப்பு உடனே பிடித்துவிடும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் குழு இங்கிலீஷ் டீச்சரையும் விட முடியாது. 'திஸ் குட் பி டெக்சாஸ்' ஆல்பத்துக்காக 2024-இல் மெர்க்குரி பரிசு வாங்கினார்கள், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வரும் ஆல்பங்களில் சிறந்ததற்குக் கொடுக்கும் பரிசு அது. லண்டனுக்கு வெளியே அந்தப் பரிசு போவது 2014-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 'தி வேர்ல்ட்ஸ் பிக்கஸ்ட் பேவிங் ஸ்லாப்' பாட்டைக் கேளுங்கள். சின்ன ஊரில் பிறந்த பெண் தன்னை உலகத்தின் மிகப் பெரிய பாவுகல் என்கிறாள், மிதிக்க வருகிறவர்கள் காலைப் பார்த்து வைக்க வேண்டும் என்கிறாள்.

கடைசியாகக் கிம் டீல். பிக்ஸீஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், பிரீடர்ஸ் குழுவை நடத்துகிறவர். பிக்ஸீஸின் 1988 ஆல்பத்தைப் பதிவு செய்தவர் இளவயது ஆல்பினி. இயந்திரம் உண்டாக்கும் எதிரொலி அவருக்குப் பிடிக்காது. அதனால் கிம்மை ஸ்டுடியோவின் பாத்ரூமுக்கு அனுப்பி அங்கே பாட வைத்தார். 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டில் பின்னால் 'ஊ' என்று மிதக்கும் குரல் அந்த டைல்ஸ் சுவர்களில் பட்டு வந்ததுதான். அன்று தொடங்கிய நட்பு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நீடித்தது. 2024 நவம்பர் 22-இல், 63 வயதில், கிம் டீலின் முதல் தனி ஆல்பம் வந்தது. அதன் பல பாட்டுகளைப் பதிவு செய்தவர் ஆல்பினி. வெளிவந்ததைப் பார்க்க அவர் இல்லை.

அதில் 'ஆர் யூ மைன்?' என்று ஒரு பாட்டு. இதன் ஒரு வடிவம் முன்பே சின்ன இசைத்தட்டில் வந்தது, ஆகவே 2024 பாட்டு இல்லை என்று யாராவது வாதாடலாம். பரவாயில்லை. கேட்டால் யாரோ காதலனிடம் நீ என்னுடையவனா என்று கேட்பது போல இருக்கும். கேட்டது அவருடைய அம்மா. கிம் ஓஹையோவின் டேட்டன் நகரத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்கு அல்சைமர் நோய், நினைவு போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வீட்டுக்குள் எதிரே வந்த மகளை நிறுத்தி அம்மா கேட்டது அந்தக் கேள்வி.

என் பாட்டியும் கடைசி வருடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு பெத்த புள்ளைப்பா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கையை விடமாட்டாள். இந்தப் பாட்டின் முதல் வரியிலேயே அந்தக் கைச்சூடு எனக்குத் திரும்பி வந்தது.

நிலையத்தார் பாட்டைத் தயாராக வைத்திருக்கிறார்கள். தாலாட்டு மாதிரி மெதுவாகத்தான் போகும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.