தோளில் ஏறிய தழும்பு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எங்களை ஒரு வழி பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணியினரே, சபையோரே, வணக்கம்.

"நாத்திகரைப் பக்தராக்குவது பட்ட அடியா, படிந்த பழக்கமா?" என்பது தலைப்பு. பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன். நான் ஓர் ஆடிட்டர். ரசீது இல்லாத செலவை ஒத்துக்கொள்ளாத பிழைப்பு. கல்லூரிக் காலத்திலிருந்து நாற்பத்தைந்து வயது வரை கடவுளிடமும் ரசீதுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது திருநீறு பூசிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். அதனால் இந்தத் தலைப்பில் நானே சாட்சி, நானே வக்கீல்.

எதிரணித் தலைவர் ஒரு மருத்துவரின் கதையைச் சொன்னார். மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவில், அதுவரை கோயில் பக்கமே போகாத மனிதர் முதன்முதலாகக் கைகூப்பினாராம். எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அதே மாதிரி ஓர் இரவில் கூப்பிய கையைக் கீழே போட்டவர்களும் இருக்கிறார்களே? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, பூஜை அறைக் கதவைச் சாத்தியவர்கள் திறக்கவே இல்லை. ஒரே அடி ஒருவரை உள்ளே தள்ளுகிறது, இன்னொருவரை வெளியே தள்ளுகிறது. வரவிலும் எழுதலாம், செலவிலும் எழுதலாம் என்று ஒரு தொகையைக் கொண்டுவந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டான்.

அப்புறம், அடியால் வந்த பக்திக்கு ஆயுளும் குறைவு. வரித்துறை நோட்டீஸ் வந்த வாரத்தில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்ட வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிவதற்கும் முடி வளர்வதற்கும் சரியாக இருக்கும்!

என் கதைக்கு வருகிறேன். இதில் விபத்து இல்லை, வியாதி இல்லை, கனவில் யாரும் வரவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவுதான். பிரதோஷம் தவறாமல் போகிறவர். நடக்க முடியாமல் போனதும் காரில் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. அம்மா உள்ளே போவார், நான் வாசலில் அவர் செருப்புக்குக் காவல். மாதம் இரண்டு முறை, கையில் செல்பேசியோடு.

ஒரு மழைநாள். சுவாமி புறப்பாட்டுக்கு ரிஷப வாகனத்தின் தண்டு, அதாவது சுமக்கும் மரக்கழி, தூக்க ஓர் ஆள் குறைந்தது. வாசலில் சும்மா நிற்கிற என்னைக் கூப்பிட்டார்கள். "எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க" என்றேன். சுவாமியைத் தோளில் சுமக்கும் வயதான சீபாதம் தாங்கி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பிக்கை கெடக்கட்டும், தோள் இருக்குல்ல?" என்றார்.

போய் நின்றேன். நான் கொஞ்சம் குள்ளம், தண்டு என் தோளில் படவே இல்லை. அவர் தன் துண்டை நாலாக மடித்து என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே செருகினார். இப்போது பாரம் இறங்கியது. முன்னால் இருப்பவர் இடதுகால் வைத்தால் நானும் இடதுகால் வைக்க வேண்டும், தவறினால் ரிஷபம் ஒரு பக்கம் சாய்கிறது. மூன்று சுற்று. கடவுள் உண்டா இல்லையா என்று யோசிக்க அங்கே நேரமே இல்லை, அடுத்த அடி எங்கே என்பதுதான் கவலை. இறக்கி வைத்தபோது தோள் கன்றிச் சிவந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு மணி நேரம் என் மண்டைக்குள் எந்தக் கணக்கும் ஓடவில்லை.

அடுத்த பிரதோஷத்துக்கு நானே துண்டு எடுத்துப்போனேன். அப்புறம் தேவாரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள், கூடச் சேர்ந்து படித்தேன். எந்த நாளில் நம்பத் தொடங்கினேன் என்று கேட்டால், வவுச்சருக்கெல்லாம் தேதி கேட்கும் என்னாலேயே தேதி போட முடியவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தேவாரம் பாடிய அப்பரைத் துணைக்கு அழைத்தார். சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்தவரைத் திரும்பக் கொண்டுவந்தது சூலை நோய் என்கிற வயிற்றுவலிதானே என்றார். அவர் சமணரே தவிர இன்றைய அர்த்தத்தில் நாத்திகர் இல்லை, இருந்தாலும் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நோய் வந்தது உண்மை. வலியோடு அவர் ஓடிப்போனது எங்கே? திருவதிகைக்கு. அங்கே அக்கா திலகவதியார் அன்றாடம் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நோய் துரத்தியது, ஆனால் போய்ச் சேர ஓரிடத்தை வைத்திருந்தது அக்காவின் துடைப்பம்.

இன்னும் ஒன்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடிய அந்த முதல் பதிகத்திலேயே அவர் என்ன சொல்கிறார்? "சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன்." தண்ணீர், பூ, தூபம், பாட்டு. பாதி வழியில் விட்டுப்போனவர் "மறந்தறியேன்" என்கிறார் என்றால், மதம் மாறிய பிறகும் கையும் நாக்கும் மாறவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். பிற்பாடு திருவாரூரில் தன் நெஞ்சுக்குப் புத்தி சொல்லும்போதும், நிலைபெற வேண்டுமானால் வா, விடிவதற்கு முன் கோயிலை அலகிட்டு (பெருக்கி) மெழுக்கிடு, பூமாலை கட்டு, பாடு என்று வேலையைத்தான் வரிசையாகச் சொல்கிறார். காலமெல்லாம் அவர் கையில் இருந்ததும் உழவாரம், புல் செதுக்குகிற கருவி!

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீர்கள், ஒரு நிமிஷம். மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர், நம் கணக்கில் அவரும் உத்தியோகஸ்தர்தான். நாத்திகர்களைப் பற்றி அவர் ஒரு வரி பாடுகிறார்: "நாத்திகம் பேசி நாத்தழும்பேறினர்." திட்டுவதாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று கேட்கிறது. பேசிப் பேசித்தானே நாக்கில் தழும்பு ஏறும்? என் நாத்திகமும் அப்படித்தான் வந்தது. விடுதி மாடியில் ராத்திரி இரண்டு மணி வரை ஒரே கூட்டம், ஒரே பேச்சு. நாக்கில் ஏறியதும் பழக்கம், தோளில் ஏறியதும் பழக்கம். அந்த நாட்களுக்காக நான் வெட்கப்படவும் இல்லை. கேள்வி கேட்கும் புத்தியை அங்கேதான் கற்றேன். இன்றைக்கும் கோயில் வரவு செலவைக் கேட்கிற முதல் ஆள் நான்தான்.

அந்த மாடியில் என்னோடு கத்திய தோழன் ஒருவன் போன பிரதோஷத்துக்கு வந்திருந்தான். சாமி கும்பிட இல்லை, எனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க. "நீ போ, நான் வாசலில் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். என் பையில் மட்டும் இப்போது துண்டு இரண்டாக இருக்கிறது. அவன் என்னைவிடக் குள்ளம்.

நன்றி, வணக்கம்.