கோழிக்கூட்டு வாழை ஏன் வாடுகிறது? குட்டி வாங்க முதல் இதைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குத் தம்பலகாமத்தில் எங்கள் மாமியின் வளவில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நிற்கிற கோழிக்கூட்டு வாழையைப் பாருங்கள். கீழ் இலைகள் மஞ்சளாகி, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினது போலத் தொங்குகின்றன. மாமி தண்ணீர் போதவில்லை என்று இறைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வளவு ஐயா யூரியா போடச் சொன்னார். மூதூருக்குப் போனாலும் சாம்பல்தீவுக்குப் போனாலும் வாழை வாடினால் இந்த இரண்டு பேச்சுத்தான். இரண்டும் இந்த மரத்துக்கு உதவாது. ஏன் என்று வெட்டிக் காட்டுகிறேன்.

அடித்தண்டைக் குறுக்கே வெட்டிவிட்டேன். கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். வெளி மடல்களில் செங்கபில நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் வட்டமாகத் தெரிகின்றன. நல்ல மரத்தில் இந்த இடம் வெள்ளையாக இருக்கும். கபிலமாகிப் போனவை நீர் ஏறும் குழாய்கள். பியூசேரியம் என்ற பங்கசு மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி அவற்றை அடைத்துவிட்டது. அடியில் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குத் தண்ணீர் போக வழியில்லை. இதுதான் பனாமா வாடல் நோய்.

கடையில் வாங்கி ஊற்றிக் குணப்படுத்த இதற்கு மருந்து கிடையாது. மரம் செத்த பிறகும் பங்கசின் வித்திகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். மாரியில் வெள்ளம் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு ஓடும்போது அதோடு சேர்ந்து போகும். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் செருப்பிலும் போகும். எல்லாவற்றையும் விட வேகமாகப் போவது குட்டியோடு. கிழங்கு வெளியில் பளபளவென்று இருக்கும், நோய் உள்ளே இருக்கும்.

ஒரு மரத்துக்கு வந்தால் ஏன் தோட்டமே போகிறது என்று கேட்பீர்கள். நாங்கள் சாப்பிடுகிற வாழைக்கு விதை இல்லை. காட்டு வாழையில் பழம் முழுக்கக் கறுத்த, கல்லுப் போன்ற விதைதான் இருக்கும். அந்தக் காட்டு இனங்கள் கலந்து, நிறமூர்த்தத் தொகுதி மூன்றாகி, மகரந்தம் சேராமலே காய்க்கிற மரங்களை ஆதிகாலத்து மனிதர்கள் பொறுக்கி எடுத்து, குட்டியைப் பெயர்த்து நட்டு வந்தார்கள். அதனால் இந்த வளவில் நிற்கும் கோழிக்கூடும் உங்கள் கிணற்றடியில் நிற்கும் கோழிக்கூடும் பரம்பரையில் கிட்டத்தட்ட ஒரே மரம். ஒன்றை விழுத்தும் நோய் எல்லாவற்றையும் விழுத்தும். அம்புல் வாழை வேறு பிரிவு, அது இந்த வாடலைப் பெரும்பாலும் தாங்கும்.

உலகமே இதை ஒருதரம் அனுபவித்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது குரோ மிஷேல் என்ற இனம். பனாமா வாடல் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்ததால், 1950களிலும் 60களிலும் கம்பனிகள் அதைக் கைவிட்டு, அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷுக்கு மாறின. இப்போது அதே பங்கசின் இன்னொரு வகை, டி.ஆர்.4, கேவண்டிஷையும் கொல்கிறது. ஆசியாவில் தொடங்கியது ஆபிரிக்காவுக்குப் போய், 2019இல் கொலம்பியாவில் உறுதியானது. இந்தியாவில் பீகாரிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தாய்வானில் இழைய வளர்ப்பில், அதாவது மரத்தின் சிறு துண்டை ஆய்வுகூடக் குழாய்க்குள் வைத்துக் கன்றாக்கும் முறையில், தற்செயலாக மாறி வந்த கன்றுகளைப் பொறுக்கி, நோயை ஓரளவு தாங்கும் கேவண்டிஷ் இனங்களை எடுத்தார்கள். அவுஸ்திரேலியாவில் காட்டு வாழையின் ஒரு மரபணுவைக் கேவண்டிஷுக்குள் சேர்த்து உருவாக்கிய கியூகேவ்-4 இனத்துக்கு 2024இல் அனுமதி கிடைத்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1,500க்கும் மேற்பட்ட வாழை வகைகளைச் சோதனைக் குழாய்க்குள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். விதையில்லாத பயிரை வேறு எப்படிச் சேமிப்பது? எனக்கு அந்த வேலை மேல் பெரிய மரியாதை. ஆனால் தம்பலகாமத்து வளவுக்கு இன்றைக்கே உதவக்கூடியது இன்னொரு, பழைய ஆராய்ச்சி.

இந்தப் பக்கம் வாருங்கள். இது வேறு நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கின்றன. இலையைப் பின்பக்கமாக வெயிலுக்குப் பிடிக்கிறேன். சிறு நரம்புகளில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளியும் கீறலுமாக விட்டுவிட்டு ஓடுகின்றன, தெரிகிறதா? இது முடிக்கொத்து நோய். வைரசு. இதைப் பரப்புவது மடலுக்குள் ஒளிந்திருக்கும் கறுத்த அழுக்கணவன் பூச்சி. இந்த நோய் இலங்கையில் 1913இலேயே பதிவானது. இங்கிருந்துதான் 1940 அளவில் கேரளாவுக்குப் போனது என்று நூல்கள் சொல்கின்றன.

அவுஸ்திரேலியாவில் 1920களில் இதே நோயால் வாழைத் தோட்டங்கள் அழிந்துகொண்டு போயின. சார்ள்ஸ் மகீ என்ற இளம் ஆராய்ச்சியாளர் நோய் பூச்சியாலும் குட்டியாலும் பரவுகிறது என்று நிரூபித்தார். வைரசுக்கு மருந்து இல்லாமலே தொழிலைக் காப்பாற்றினார்கள். நோய் மரத்தைக் கண்டவுடன் பூச்சியைக் கொன்று, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது, சுத்தமான இடத்துக் குட்டியை மட்டும் நடுவது, இவ்வளவுதான். ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ததால்தான் பலித்தது. ஒரு வளவில் மட்டும் செய்தால் பக்கத்து வளவுப் பூச்சி திரும்ப வரும்.

சரி, மாமி வளவில் என்ன செய்யப் போகிறோம்? முடிக்கொத்து வந்த மரத்தின் குருத்துக்குள் மண்ணெண்ணெய் விட்டுப் பூச்சியைக் கொன்ற பிறகு, குட்டிகளோடு சேர்த்துத் தோண்டி எடுக்கிறோம். வாடல் வந்த இடத்தில் இனிக் கோழிக்கூடு வைப்பதில்லை. கத்தியையும் மண்வெட்டியையும் மண் போகக் கழுவி, குளோரீன் கரைசலில் நனைத்த பிறகுதான் அடுத்த மரம். புதிய மூலைக்கு இழைய வளர்ப்புக் கன்று கேட்கலாம் என்று விவசாயப் போதனாசிரியரிடம் பேசியிருக்கிறோம். அந்தக் கன்றில் பங்கசு இருக்காது, ஆனால் கெட்ட மண்ணில் நட்டால் அதற்கும் வாடல் வரும். வைரசு பரிசோதித்த தாய்மரத்திலிருந்து வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்தியாவுக்குக் கோயில் பயணம் போகிற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அங்கே நல்ல வாழை கண்டோம் என்று குட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வராதீர்கள். அனுமதியில்லாமல் கன்று கொண்டுவருவது சட்டப்படியே தடை. டி.ஆர்.4 ஒருதரம் இந்த மண்ணுக்குள் இறங்கினால் திருப்பி அனுப்ப வழியில்லை. பழத்தை அங்கேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.