ஏழெட்டு ஐம்பத்தாறு: மனப்பாட அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையையும் கணக்குக்கே கொடுத்துவிட்டு பினாங்கின் இந்த ஜார்ஜ் டவுன் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

'பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வசப்படுவது புரிதலாலா, மனப்பாடத்தாலா?' என்பது தலைப்பு. மனப்பாடத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். கைப்பேசி இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்றார். ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பொருள் தெரியாது என்றார். மனப்பாடம் கணக்கின்மேல் பயத்தை வளர்க்கிறது என்றார். அக்கா அழகாகப் பேசினார், நானே கைதட்டினேன். கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் இப்போது பதிலும் சொல்லியாக வேண்டும்.

கைப்பேசிக்கு ஒரு வரி போதும்: நம் பள்ளிகளில் மாணவர் அதை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாது. அடுத்து.

பொருள் தெரியாது என்ற குற்றச்சாட்டுதான் கனமானது. ஏழை எட்டு முறை கூட்டுவதுதான் ஏழெட்டு என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். கோலிக்குண்டுகளை வரிசை வரிசையாக அடுக்கி அதைக் காட்ட ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகு என்ன செய்வது? 47ஐ 68ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறை எழுதி ஐந்தைக் கையில் வைக்க வேண்டும். அடுத்து நாலெட்டு முப்பத்திரண்டு. கையிலிருக்கும் ஐந்தைச் சேர்த்தால் முப்பத்தேழு. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை இதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எதிரணி விரும்பும் 'புரிந்த' பிள்ளையோ நாலெட்டை எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று விரல்விட்டு ஏறும். முப்பத்திரண்டுக்கு வந்து சேரும்போது கையில் வைத்த ஐந்து காணாமல் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, விடைதான் தவறு. மனித மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களை மட்டுமே ஏந்திக்கொள்ளும். அந்தச் சிறிய இடத்தை நாலெட்டுக்கே செலவழித்துவிட்டால் கணக்கின் பொருளைப் பற்றி எங்கே யோசிப்பது?

சரி, மனப்பாடம் பெரும் சுமையா? எண்ணிப் பார்ப்போம். பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு விடைகள். மூவேழும் ஏழு மூன்றும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் நூறு 55ஆகக் குறையும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் பிள்ளைக்குத் தானாகவே வந்துவிடும். அவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் விடையின் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வரும் என்ற சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தால் 15. இந்தப் பதினைந்துக்காகவா இவ்வளவு பெரிய பட்டிமன்றம் என்று நடுவர் கேட்டாலும் தவறில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் 80இல் ஒரு பங்கான காணியையும் 320இல் ஒரு பங்கான முந்திரியையும் சேர்த்து உருப்போட்டார்கள். அவர்கள் வாங்கிய பிரம்படியை நான் கேட்கவில்லை; அவர்கள் தூக்கியதில் கால்வாசியைக்கூட நம் பிள்ளைகளிடம் கேட்கவில்லை.

பயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2022 முதல் வாய்ப்பாட்டுச் சோதனை கட்டாயம்: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ போலர் இத்தகைய நேரக்கட்டுச் சோதனைகள் பதற்றத்தைத் தருகின்றன என்று பலகாலமாக எழுதிவருகிறார். எதிரணி அவரைத் துணைக்கு அழைத்தது. அழைக்கட்டும். பயமுறுத்துவது கடிகாரம். அதற்கான தண்டனையை மனப்பாடத்துக்குத் தருவது என்ன நியாயம்? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், வரிசையைக் கலைத்து, நாலைந்து கேள்விகள். இரண்டு நாள் விட்டு அதே கேள்விகள் மீண்டும். விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சிதான் நினைவில் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைச் சோதித்து எழுதிவைத்தார். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

வரிசையைக் கலைத்து என்று சொன்னேன், கவனித்திருப்பீர்கள். ஏழெட்டு எத்தனை என்றால் ஓரேழு ஏழிலிருந்து பாடிக்கொண்டே ஏறிவரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது பாட்டு. வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. அந்தப் பாட்டை மட்டும் எதிரணி தாராளமாகக் கண்டிக்கலாம்.

நம் மலேசியாவுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. 2003இல் கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை வந்தது. 2012இலிருந்து அது படிப்படியாகத் திரும்பிப் போனது. அதனால் ஆங்கிலத்தில் வாய்ப்பாடு படித்த அம்மா, தமிழ்ப்பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருகிறார். பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கணக்கு மலாய் பேசுகிறது. 2001இல் எலிசபெத் ஸ்பெல்கியும் சான்னா சிவ்கினும் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்த கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மொழியில் புதிய கணக்குகளைப் பழக்கினார்கள். துல்லியமான விடை கேட்டபோது பழகிய மொழியில்தான் விரைவாகச் சொன்னார்கள். தோராயமான விடைக்கு மொழி குறுக்கே நிற்கவில்லை. எதிரணி இதைச் சற்று யோசிக்க வேண்டும். கண்ணால் அளந்து புரிந்துகொள்வது தோராயத்தைத் தரும். துல்லியமான ஐம்பத்தாறு, காதில் விழுந்து வாயில் பழகிய சொல்லாகத்தான் உள்ளே தங்குகிறது. அதனால்தான் வீட்டில் ஆளுக்கொரு மொழியில் கேட்டுக் குழப்பாமல், ஒரு மொழியில் உறுதியாகும்வரை அதிலேயே கேளுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறேன். எங்கள் அணியின் ஓட்டு தமிழுக்கு. ஆனால் அது வேறு பட்டிமன்றம்.

நேரமணி அடிப்பதற்குள் ஒன்று. எனக்கு அடுத்து வரும் எதிரணித் தம்பி, 56இல் 42 என்ற பின்னத்தை இந்த மேடையிலேயே சுருக்கிக் காட்டட்டும். இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் இருப்பதை அவர் விரல்விட்டுக் கண்டுபிடிக்கிறாரா, நினைவிலிருந்து எடுக்கிறாரா என்பதை நடுவர் அவருடைய கைகளைப் பார்த்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.