பின்கோடு தெரியும், ஊர் தெரியாது

வணக்கம். நான் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற ரயிலில், தபாலுக்கான கோச்சுக்குள் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுகிற வேலை. பின்கோடின் முதல் மூன்று எண் 516 என்றால் கடப்பை, 583 பல்லாரி, 443 புல்டாணா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சென்னை–மும்பை தடத்தில் ஆந்திராவின் எர்ரகுண்ட்லாவை எத்தனை இரவுகள் கடந்திருப்பேனோ, பை இறக்கியதும் ஏற்றியதும்தான் ஞாபகம் இருக்கிறது, அந்த ஸ்டேஷனுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

66 வயதில் ஒருநாள் என் மனைவி கேட்டாள், "ஏங்க, இந்த முட்டி இன்னும் எத்தனை வருஷம் கோட்டைப் படி ஏறும்?" அவ்வளவுதான். அடுத்த மாதமே, வீடு போல மாற்றி ஊர் சுற்றுவதற்காகப் பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை வாங்கினோம்.

உள்ளே ஒரு கட்டில், 5 கிலோ சிலிண்டர், சின்ன அடுப்பு, கூரையில் சோலார் பேனல், பின்னால் கழிப்பறை. கழிப்பறை வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று பலர் சொன்னார்கள், கேட்காதீர்கள். இந்த வயதில் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறவர்களுக்கு அதுதான் முதல் தேவை. சீட்டைக் கழற்றி வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகிவிடும். அப்புறம், 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள், கிளம்புவதற்கு முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியைக் கட்டிய பட்டறையில் தண்ணீர் டேங்க், பேட்டரி இரண்டையும் ஒரே பக்கம் வைத்துவிட்டார்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதை நாங்களும் யோசிக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் மாற்றி வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

முதல் பயணம் எங்கே என்று யோசிக்கவே இல்லை, எர்ரகுண்ட்லாதான். அங்கிருந்து ஜம்மலமடுகு தாண்டிப் போனால் கண்டிக்கோட்டை. பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிறது, இரண்டு பக்கமும் செந்நிறப் பாறை அடுக்கடுக்காக, மேலே கோட்டை, உள்ளே கோயிலும் மசூதியும் தானியக் களஞ்சியமும். சாயங்கால வெயில் அந்தப் பாறையில் விழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. நான் தபால் பிரித்துக்கொண்டிருந்த அத்தனை இரவுகளிலும் இது இங்கேதான் இருந்திருக்கிறது, பக்கத்திலேயே!

ராத்திரி பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தினோம். பாதுகாப்புக்கு அங்கே இருக்கும் வெளிச்சமும் லாரிக்காரர்களின் துணையும் போதும். காலையில் பக்கத்து லாரிக்காரர் எங்கள் அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டு, அடுத்த ஐம்பது கிலோமீட்டரில் ரோடு எங்கே மோசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிற ஊரிலிருந்தெல்லாம் பேத்திக்கு ஒரு போஸ்ட்கார்டு எழுதிப் போடுகிறோம், முத்திரையில் ஊர் பெயர் தெளிவாக விழ வேண்டும் என்று கவுன்டரில் நின்று கேட்டு வாங்குகிறேன். மழை விட்டதும் 443. மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் லோணார் ஏரி, விண்கல் விழுந்து உண்டான பள்ளம், குறுக்களவு 1.8 கிலோமீட்டராம். டேங்கில் தண்ணீர் நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.