பிள்ளை பெற்றவளுக்கும் 42 நாள் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை பிறந்துவிட்டால் வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான். ஆறாவது வாரம் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கூடவே வருகிற தாய்க்கு பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்கிறோமா?

அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்பது ஊரறிந்த செய்தி. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், பிரசவமான 42 நாள் வரை தாய்க்கு வரும் சிக்கல்களுக்கும் மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். இதைத்தான் பலர் அறிவதில்லை.

சுகப்பிரசவமானால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் ஏறலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால், தலைக்குக் குளித்ததால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே பிரஷர் பாருங்கள். 140-க்கு 90 வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். 160-க்கு 110 என்றால் உடனே 108. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலும் 108தான்.

இப்போது தாய் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். பெண்ணின் பெயர் புருஷன் ஊர் நர்ஸம்மாவின் பதிவேட்டில் இருக்கிறது. பிரசவமானதும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில் வீடு தேடி வர வேண்டியவருக்கு, "அவ அம்மா வீட்ல இருக்கா" என்றுதான் பதில் கிடைக்கிறது. அம்மா ஊர் நர்ஸம்மாவுக்கோ அவள் வந்திருப்பதே தெரியாது. இரண்டு ஊருக்கும் நடுவில் அந்த 42 நாளும் கைவிட்டுப் போகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே பாட்டியோ மாமாவோ யாராவது ஒருவர், தாய் சேய் நல அட்டையையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே.

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை. அதற்குப் பிறகும் 180 நாள், தினம் ஒன்று. டீ, காபியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல் வேறு வேளையில் போடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், பெரியவர்களே.

நேரம் நெருங்கிவிட்டது. மனச்சோர்வு தனியாகவே பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு இது மட்டும்: அழுகையும் வெறுமையும் இரண்டு வாரம் தாண்டினால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.