ஒரே செம்மண், இரண்டு வீடுகள்: கறையானும் மண்குளவியும்

(காட்சி: அழகர்மலை அடிவாரத்துத் தோப்பில் ஒரு கறையான் புற்று)

வணக்கம். இந்தப் புற்றும், பக்கத்து ஊரில் திண்ணை உத்தரத்தில் ஒட்டியிருக்கும் குளவிக்கூடும் ஒரே செம்மண்ணால் ஆனவை. ஆனால், பிள்ளை வளர்க்கும் முறையில் இவ்விரு பூச்சிகளும் நேரெதிரானவை.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை நாம் அறிவோம். புற்றின் அடியில் வாழும் பெருங்குடும்பத்தைத்தான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விரல் நீளத்துக்கு வயிறு பருத்த தாய்க்கறையான், தன் துணையுடன் ஒரு மண் அறைக்குள் அடைபட்டு, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அதற்கு ஊட்டுவதும், முட்டைகளைச் சுமந்து சென்று பேணுவதும், சருகையும் மரத்தையும் மென்று வந்து அதன்மேல் பூஞ்சை பயிரிடுவதும் பார்வையற்ற வேலைக்காரக் கறையான்களே. மழைக்குப் பின் நாம் பறிக்கும் புற்றுக்காளான் அந்தப் பயிரின் விளைச்சல்தான். ஈசலோ அதே குடும்பத்தின் இறகு முளைத்த ஆண்களும் பெண்களும். பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாக, மீதியில் சில நம் வீட்டு வறுசட்டிக்கு வருகின்றன.

(காட்சி: கண்மாய்க் கரையில் ஈர மண் உருட்டும் குளவி)

மண்குளவிக்கு உதவ யாருமில்லை. தாய் ஒன்றே தாடையில் மண்ணுருண்டை கவ்வி வந்து, வளையம் வளையமாகக் கூட்டை எழுப்புகிறது. புதிதாக மூடிய ஓர் அறையைத் திறந்து பார்த்தால், உள்ளே சிலந்திகள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். தொட்டால் சிலவற்றின் கால்கள் இலேசாக அசையும், அவை சாகவில்லை. கொடுக்கின் நஞ்சு அவற்றை முடக்கிவிட்டதால், இரை கெடாமல் இருக்கிறது. அவற்றுள் ஒன்றின் உடலில் வெண்ணிற முட்டை ஒட்டியிருக்கும். அறையை அடைத்த தாய் தன் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை.

பச்சைப்புழுக்களை அடைத்து வைக்கும் குளவி இனங்களும் உண்டு. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று நம் பெரியோர் சொன்னது வெறுங்கற்பனை அன்று. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் அவர்கள் சரியாகவே கண்டார்கள். மண்சுவருக்குள் அந்தப் புழு இரையானது மட்டுமே அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

இந்த வேறுபாட்டின் வேர் இரண்டின் பிறப்பில் இருக்கிறது. கறையான் கரப்பான்பூச்சிக்கு உறவு. அதன் குஞ்சு பிறக்கும்போதே கால்களோடு பிறந்து, சிலமுறை தோலுரித்ததும் வேலையில் இறங்கிவிடுகிறது. தேனீக்கும் எறும்புக்கும் உறவான குளவியின் குஞ்சோ காலற்ற புழு. கூட்டுப்புழுவாகி உருமாறும்வரை அதனால் இரை தேடவே முடியாது. எனவே, உதவ யாருமில்லாத மண்குளவித் தாய் அதற்குத் தேவையான உணவு முழுவதையும் முன்கூட்டியே சேர்த்துவைத்துவிடுகிறது.